புகார் இல்லாத நூறு நாட்கள்

பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டை ஒட்டி, சில்வர் மேபிள் இங்கிலீஷ் ஸ்கூல் என்று ஒரு பள்ளிக்கூடம். மேபிள் என்பது ஏதோ குளிர்நாட்டு மரமாம். அந்த வளாகத்தில் அது கிடையாது. இருந்த ஒரே தூங்குமூஞ்சி மரத்தையும், பெயர்ப்பலகையை மறைக்கிறது என்று வெட்டிவிட்டார்கள்.

2005 ஜூன் மாதம் பெயர்ப்பலகைக்குக் கீழே இன்னொரு பலகை வந்தது. பச்சை வண்ணத்தில் வெள்ளை எழுத்து. 'புகார் இல்லாத நாட்கள்' என்று மூன்று மொழிகளில் எழுதி, பக்கத்தில் எண் மாற்றிக்கொள்ள மூன்று கொக்கிகள். இது பள்ளியின் பாதுகாப்பு அதிகாரி சந்திரசேகரனின் ஏற்பாடு. அவர் ஒரு பெரிய அரசுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே 'விபத்து இல்லாத நாட்கள்' என்று பலகை வைத்துப் பழகியவர். இயந்திரத்துக்குப் பதில் குழந்தைகள், அவ்வளவுதானே வித்தியாசம் என்று பள்ளியின் தாளாளர் ரெமிஜியஸிடம் சொல்லியிருக்கிறார். ரெமிஜியஸுக்குப் பிடித்துப்போய்விட்டது. நூறு நாட்களை எட்டினால் 'ஆரோக்கியமான, பாதுகாப்பான குழந்தைகளின் பள்ளி' என்று தனியார் பள்ளிகளின் சங்கம் ஒன்று கேடயம் தரும். சங்கத்தின் செயலாளரும் ரெமிஜியஸ்தான் என்பதால் கேடயம் முன்கூட்டியே செய்து தயாராக இருந்தது.

ஒரு புகார் வந்தாலும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஜூன் கடைசியில் ஒரு நாலாம் வகுப்புப் பையனின் அம்மா, வேன் டிரைவர் வண்டி ஓட்டிக்கொண்டே செல்போனில் பேசுகிறார் என்று எழுதிக்கொடுத்துவிட்டாள். பன்னிரண்டில் இருந்த எண் பூஜ்யமானது. மறுநாள் காலை அசெம்பிளியில் அந்தப் பையனைப் பெயர் சொல்லி முன்னால் அழைத்து, அவனுக்கு நல்ல மனசு வர வேண்டும் என்று எழுநூறு குழந்தைகளும் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்தார்கள். டிரைவருக்காக யாரும் பிரார்த்திக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பையனுக்குப் பெயர் ஜீரோ. ஜூலை முதல் தேதி மறுபடியும் ஒன்று என்று ஆரம்பித்தார்கள். விடுமுறை நாட்கள் கணக்கில் சேராது.

முனிராஜின் மகள் சௌம்யா அங்கே ஆறாம் வகுப்பு. பதினோரு வயது. முனிராஜ் ஒரு சின்ன ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். அவன் மனைவி வனஜா கார்மென்ட்ஸில் தைக்கிறாள். காலை ஏழு மணிக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தால், சாயங்காலம் நாலரைக்கு அது அப்படியே திரும்பி வந்தது. முனிராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. வனஜாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் லைனில் நாற்பது பெண்களுக்கு ஒரு டோக்கன். அந்த டோக்கனைக் கையில் வாங்கினால்தான் பாத்ரூம் போகலாம். அவளும் பாட்டிலை நிரப்பியபடியே திரும்பக் கொண்டுவருகிறவள்தான்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. மாடியில் பெண் குழந்தைகளுக்கு மூன்று கழிப்பறைகள். அதில் இரண்டு பூட்டிக் கிடந்தன. சங்கத்துப் பார்வையாளர்கள் வந்தால் காட்டுவதற்குச் சுத்தமாக இருக்க வேண்டுமாம், குழந்தைகள் போனால் அழுக்காகிவிடுமாம். மூன்றாவதற்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏழாம் வகுப்புப் பையன்கள் ஓடி வந்து கதவை உதைத்துவிட்டு ஓடுவார்கள். ஒரு தடவை சௌம்யா உள்ளே இருக்கும்போது உதைத்துவிட்டார்கள். அதன்பிறகு அவள் போவதில்லை. போகாமல் இருப்பதற்காகக் குடிப்பதும் இல்லை.

ஜூலையில் ஒரு தடவை காய்ச்சல் வந்தது. செப்டம்பரில் இன்னொரு தடவை, எரிச்சலோடு. சிறுநீரில் கிருமி என்று டாக்டர் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது, மூன்றாவது தடவை வந்தால் கிட்னிக்கு ஏறிவிடும் என்றார். முனிராஜ் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்குப் போனான். பலகையில் அறுபத்தொன்று என்று இருந்தது.

முனிராஜுக்கு அந்த மாதிரிப் பலகை புதிதல்ல. அப்ரண்டிஸாக இருந்த இடத்தில் பார்த்திருக்கிறான். பிரஸ் இயந்திரத்தில் ஒருவனுக்கு இரண்டு விரல் போனபோது, கட்டுப் போட்ட கையோடு தினமும் ஜீப்பில் அழைத்து வந்து டைம் ஆபீசில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். லீவு எடுத்தால்தான் அது விபத்து. ஆள் வேலைக்கு வந்துவிட்டானே, அப்புறம் என்ன விபத்து? இத்தனையும் தெரிந்தவன்தான், இருந்தாலும் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படி நடக்காது என்று நினைத்தான். பெற்றவர்களுக்கு இந்த ஒரு மூடநம்பிக்கையை விட்டால் வேறு வழியும் இல்லை.

சந்திரசேகரன் அவனை உட்கார வைத்து டீ வரவழைத்தார். புகார் எழுத ஒரு பாரம் வேண்டும் என்று முனிராஜ் கேட்டான். புகார் பாரம் என்று ஒன்று அங்கே அச்சடிக்கவே இல்லை. பாராட்டு பாரம் இருந்தது, ஆலோசனை பாரம் இருந்தது. முனிராஜ் ஆலோசனை பாரத்தில், 'கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை' என்று எழுதினான். சந்திரசேகரன் அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இல்லைங்கறது புகார் முனிராஜ். இருந்தா இன்னும் நல்லா இருக்கும்னு எழுதுங்க, அது ஆலோசனை. நான் பாக்டரியில முப்பது பேருக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றார்.

முனிராஜ் அப்படியே எழுதினான். 'ஏற்கெனவே சிறப்பாக உள்ள கழிப்பறைக் கதவு, தாழ்ப்பாளும் இருந்தால் மேலும் சிறப்பாக விளங்கும்.' கையெழுத்துப் போடும்போது தன் மகளின் காய்ச்சல் இந்த வாக்கியத்தில் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தேடத் தோன்றியது. கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் குழந்தைப் பாதுகாப்பு மற்றும் நலக் குழு கூடியது. முனிராஜையும் கூப்பிட்டிருந்தார்கள். மேஜையில் முந்திரி பிஸ்கட் இருந்தது. தாழ்ப்பாள் பற்றி ஒரு மணி நேரம் விவாதித்து, அது ஆபத்தான பொருள் என்று முடிவு செய்தார்கள். குழந்தை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு? தாழ்ப்பாள் இல்லாத கதவில் எந்தக் குழந்தையும் மாட்டிக்கொண்டதாக உலகத்தில் எங்கேயும் பதிவில்லை. பையன்கள் உதைக்கிறார்களே என்று முனிராஜ் மெல்லக் கேட்டான். அதற்கு ரெமிஜியஸ் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"மிஸ்டர் முனிராஜ், எங்க ஸ்கூல்ல ஒரு குழந்தை எந்த நேரமும் எங்க கண்ணுக்கு எட்டற மாதிரி இருக்கணும். மறைவு கிறைவெல்லாம் வீட்ல வெச்சுக்குங்க. இங்க பாதுகாப்பு."

குழுவில் இருந்த நான்கு பேரும் இதைக் குறித்துக்கொண்டார்கள். ஆனால் தண்ணீர் குடிக்காதது கவலைக்குரிய விஷயம் என்று அனைவரும் ஒப்புக்கொண்டார்கள். அதற்காகவே வைட்ஃபீல்டிலிருந்து லாவண்யா என்ற ஆரோக்கிய ஆலோசகர் வரவழைக்கப்பட்டார்.

லாவண்யா திரையில் ஒரு நீலத் துளியைக் காட்டினார். அந்தத் துளி சிரித்துக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று முக்கால் மணி நேரம் பேசினார். குடித்த தண்ணீர் எங்கே போகும் என்பது அவர் தலைப்பில் இல்லை. கடைசியில் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு குழந்தையும் ஒரு லிட்டர் பாட்டில் கொண்டுவர வேண்டும். மூன்று மணிக்கு வகுப்புத் தலைவி வந்து பார்ப்பாள். பாட்டில் காலி என்றால் பச்சை ஸ்டிக்கர், தண்ணீர் இருந்தால் சிவப்பு. ஐந்து சிவப்பு வாங்கினால் விளையாட்டு வகுப்பு கிடையாது.

அக்டோபரில் சௌம்யா 'நீர் நட்சத்திரம்' என்று ஒரு அட்டை வாங்கி வந்தாள். முனிராஜ் அதை டிவி பெட்டியின் மேல் சாய்த்து வைத்தான். ஒர்க் ஷாப்பில்கூட இரண்டு பேரிடம் சொன்னான். வனஜாதான் மகளின் உதட்டைப் பார்த்தாள். தோல் உரிந்து வெடித்திருந்தது. உட்கார வைத்துக் கேட்டதில், இரண்டே முக்கால் மணிக்கு வகுப்பு முழுவதும் வரிசையாகப் போய் வராந்தாவில் உள்ள செம்பருத்தித் தொட்டிகளில் தண்ணீரை ஊற்றிவிடுகிறது என்று சொன்னாள். நாற்பத்திரண்டு லிட்டர். செடிகள் வேர் அழுகிச் செத்துவிட்டன. அந்த மாதம் பள்ளிக்குத் தண்ணீர் வாரியச் செலவு கூடியதை ஆரோக்கியத் திட்டத்தின் வெற்றிக்குச் சான்றாக லாவண்யா அறிக்கையில் சேர்த்திருந்தார். குழந்தைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீருக்கும் அந்தச் செலவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

"வேற ஸ்கூல் பாக்கலாம்ங்க" என்றாள் வனஜா. நடு வருஷத்தில் எவனும் சேர்த்துக்கொள்ள மாட்டான் என்று இருவருக்கும் தெரியும்.

முனிராஜ் ஃபிட்டர். ஒரு தாழ்ப்பாள் என்பது அவனுக்கு நான்கு திருகாணி, பத்து நிமிஷம். நவம்பர் முதல் சனிக்கிழமை பெற்றோர் சந்திப்புக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு அலுமினியத் தாழ்ப்பாளும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுபோனான். மாடியில் அன்று குழந்தைகள் யாரும் இல்லை. ஆயா வள்ளியம்மா வாளியை வாசலில் வைத்துக் காவல் நின்றாள். நான்கு திருகாணியும் ஏறிய பிறகு முனிராஜ் உள்ளே நின்று ஒரு தடவை போட்டுப் பார்த்தான். சுகமாக விழுந்தது. இத்தனை நாள் தலைவலிக்கு இதுதானா மருந்து என்று அவனுக்குச் சிரிப்புகூட வந்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சௌம்யா பாட்டிலைக் குடித்தே காலி செய்தாள். புதன்கிழமை சந்திரசேகரன் மாடிக்குப் போனார்.

தாழ்ப்பாள் கழற்றப்பட்டது. பிளாஸ்டிக் கவரில் போட்டு, 'அனுமதியற்ற பொருத்துதல், பொருள் எண் 1' என்று சீட்டு ஒட்டி அவர் அலமாரியில் வைத்தார். பிறகு குழு கூடியது. ஒரு ஆண் பெண் குழந்தைகள் கழிப்பறைக்குள் நுழைந்தான் என்று பதிவு செய்தால் அது சம்பவம். சம்பவம் என்றால் பலகை பூஜ்யம். அப்போது எழுபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. ஆகவே அவன் நுழையவில்லை என்று தீர்மானம் போட்டார்கள். நுழையாத அந்தக் குற்றத்துக்குத் தண்டனையாக, அவனுடைய 'பாதுகாப்பான பெற்றோர்' அட்டை ரத்து செய்யப்பட்டது. அட்டை இல்லாதவர் வளாகத்துக்குள் வரவோ, குழந்தையை அழைத்துப்போகவோ முடியாது. வள்ளியம்மாவைக் கேட்டுக்குக் காவலுக்கு மாற்றினார்கள்.

அந்த நாளிலிருந்து முனிராஜ் சாயங்காலம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பேக்கரி வாசலில் நின்று மகளுக்காகக் காத்திருந்தான். லாரிகளுக்கு நடுவே பதினோரு வயதுப் பெண் தனியாக ஓசூர் ரோட்டைக் கடந்து அவனிடம் வந்தாள். அது பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டுத்தான் நடந்தது. கேட்டுக்கு வெளியே நடப்பது பலகையில் சேராது.

தாழ்ப்பாள் போனதை எழுத்தில் கேட்கப் போவதாக ஒருநாள் முனிராஜ் வீட்டில் சொன்னான். சாப்பிட்டுக்கொண்டிருந்த சௌம்யா கையை உதறிவிட்டு எழுந்துவிட்டாள்.

"வேணாம்பா. எண்பத்தாறு ஆயிடுச்சு. நீ எழுதினா எல்லாரும் என்னை ஜீரோங்கப் போறாங்க. இன்னும் கொஞ்ச நாள்தானே, நான் தண்ணி குடிக்காம இருந்துக்கறேன்."

அவளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டிய இடத்தில் முனிராஜ் தலையைக் குனிந்து சாப்பிட்டான். அதை நினைத்து அவன் பிற்பாடு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டான்.

நூறாவது நாள் டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை வந்தது. மைதானத்தில் குழந்தைகளை நிற்க வைத்து ஒன்று, பூஜ்யம், பூஜ்யம் என்று உருவம் அமைத்திருந்தார்கள். சௌம்யா இரண்டாவது பூஜ்யத்தில். காலையிலேயே உடம்பு சூடு என்று அவள் வகுப்பு டீச்சருக்குத் தெரியும். ஆனால் நோயறைப் பதிவேட்டில் அன்றைக்கு ஒரு பெயரும் ஏறக் கூடாது என்று உத்தரவு. பத்தரை மணிக்கு அவள் மயங்கி விழுந்தாள். அந்த இடைவெளியில் வேறொரு பெண்ணை நிறுத்தினார்கள். சௌம்யாவைத் தூக்கிப்போய் நூலகத்தில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தார்கள். நூலகத்துக்குப் பதிவேடு இல்லை.

வள்ளியம்மா எதிர்க்கடை ஒரு ரூபாய் போனிலிருந்து முனிராஜைக் கூப்பிட்டாள். "வந்துடு முனிராஜு, மகு, சௌம்யா ஒடம்பு நெருப்பா கொதிக்குது" என்றாள். அவன் சைக்கிளில் பத்து நிமிஷத்தில் வந்து நின்றான். விழாவுக்காகக் கேட்டில் புதிதாகப் போட்டிருந்த செக்யூரிட்டிக்காரன், அட்டை எங்கே என்று கேட்டான். ரத்தாகாத ஒரே அட்டை வனஜாவிடம் இருந்தது. வனஜா லைனில் இருந்தாள். அவளுக்குச் சொல்லி அனுப்பி, சூப்பர்வைசர் விட்டு, அவள் ஆட்டோ பிடித்து வர ஐம்பது நிமிஷம் ஆனது. அந்த ஐம்பது நிமிஷமும் முனிராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கெஞ்சினான், கத்தினான், செக்யூரிட்டியின் கையைப் பிடித்து அழுதான். உள்ளே ஒலிபெருக்கியில் ரெமிஜியஸ் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த ஸ்கூலை நான் ஆரம்பிச்ச காலத்துல தினம் பத்துப் பெற்றோர் வந்து நிப்பாங்க. தண்ணி சரியில்லை, வேன் சரியில்லைன்னு. இன்னிக்கு யாரும் வர்றதில்லை. குழந்தை சந்தோஷமா இருந்தா அவங்க எதுக்கு வரப்போறாங்க? ஒரு குழந்தைக்கு முதல்ல கத்துக்குடுக்க வேண்டியது எழுத்து இல்லை, பொறுத்துக்கற குணம். பன்னிரண்டு வயசுக்குள்ள அதைப் பழக்கிட்டோம்னா அப்புறம் அந்தக் குழந்தை யாருக்கும் தொந்தரவு தராது. வீட்டுக்கும் தராது, நாளைக்கு வேலை பாக்கற கம்பெனிக்கும் தராது, நாட்டுக்கும் தராது."

கைதட்டல் வெகுநேரம் கேட்டது. கேடயத்தை ரெமிஜியஸே சங்கத்தின் சார்பில் கொடுத்து, பள்ளியின் சார்பில் தானே வாங்கிக்கொண்டார். வனஜா மகளைத் தோளில் சாய்த்து வெளியே கொண்டுவரும்போது உள்ளே எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வழங்கிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் பயந்தது நடந்துவிட்டது. கிருமி கிட்னிக்கு ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். இடது கிட்னியில் தழும்பு நிற்கலாம், இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

சனிக்கிழமை சந்திரசேகரன் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, விழா சிறப்பாக நடந்ததைச் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு பாரம் எடுத்தார். காய்ச்சல் வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஆரம்பித்ததாக முனிராஜ் கையெழுத்துப் போட வேண்டும். முனிராஜ் பேனாவை வாங்கிக் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். கதவு, தாழ்ப்பாள், ஜூலை, செப்டம்பர், பெஞ்சு, கேட், ஐம்பது நிமிஷம். இந்தத் தடவை 'இருந்தால் மேலும் சிறப்பாக' என்று எங்கேயும் எழுதவில்லை. சந்திரசேகரன் அதை முழுவதும் படித்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற மனிதரே இல்லை.

"இதை நான் வாங்கிக்க முடியாது முனிராஜ். நீங்க இப்படித்தான் செய்வீங்கன்னு கமிட்டி எதிர்பாத்துது. புதன்கிழமை தேதி போட்டு உங்க பொண்ணு பேரை ரிஜிஸ்டர்ல இருந்து எடுத்துட்டாங்க. விழா அன்னிக்கு அவ எங்க ஸ்டூடன்ட் இல்லை. வெளியாள் குடுக்கறது எங்க கணக்குல புகார் ஆகாது. ஸ்வல்ப புரிஞ்சுக்குங்க, எனக்கும் பேத்தி இருக்கா. இன்னிக்கு நூத்திரண்டு ஆயிடுச்சு."

அப்போது டாக்டர் சுற்றுக்கு வந்தார். சௌம்யாவின் இடுப்புப் பக்கம் மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு வலிக்கிறதா என்று கேட்டார். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் இருந்த சந்திரசேகரனைப் பார்த்தாள். படுத்தபடியே முதுகை நேராக்கிக்கொண்டாள்.

"வலி இல்ல சார். நல்லா இருக்கேன்" என்றாள்.

சந்திரசேகரனின் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. அவர் பழக்கிய பெண் அல்லவா. ஆனால் அவள் கை போர்வையைப் பிடித்திருந்த பிடியை முனிராஜ் பார்த்தான். டாக்டர் தாளில் எழுதப் போனார். எழுத வேண்டாம் என்று முனிராஜ் அவர் கையைப் பிடித்தான். சந்திரசேகரனை ஸ்டூலிலிருந்து எழுப்பி, ஆரஞ்சுப் பையையும் அவர் கையில் கொடுத்து, வார்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். டாக்டர் மறுபடியும் கேட்டார். சௌம்யா அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"சொன்னா ஜீரோ ஆயிடுமாப்பா?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. முனிராஜ் கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினான்.

"ஆகாது கண்ணு. உன் பேரை எடுத்துட்டாங்க. இனிமே நீ சொல்லலாம்."

அவள் போர்வையைப் பிடித்திருந்த கையை விட்டாள். பிறகு பதினோரு நாளாக வலிக்கிறது என்று டாக்டரிடம் சொன்னாள். எங்கே, எப்படி, எந்த நேரத்தில் என்று அவர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். டாக்டர் இன்னொரு தாள் கொண்டுவரச் சொன்னார்.